எபாக்ஸி அடித்த இரும்பில் துரு ஏன் வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆலையில் இரும்புத் தூண்கள், குழாய் தாங்கும் சட்டங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. பேர்போன கம்பெனியின் எபாக்ஸி, அதாவது பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கும் பெயின்ட்; அதில் பிரைமர் ஒரு கோட்டும் எபாக்ஸி ஃபினிஷ் ஒரு கோட்டும் அடித்திருக்கிறார்கள். இரண்டே வருடத்தில் விளிம்பிலும் வெல்டிங் ஓரத்திலும் துரு எட்டிப்பார்க்கிறது. தொட்டிக்குள் கொப்புளம். வெயில் படும் பக்கம் நிறம் மங்கி, தடவினால் கையில் மாவு ஒட்டுகிறது. சில இடங்களில் தகடு தகடாக உரிகிறது. எபாக்ஸியே சரியில்லையா, வேறு பெயின்ட்டுக்கு மாறலாமா, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் அடிப்பது, பழையதன் மேலேயே அடித்துவிடலாமா?

எபாக்ஸியை மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னவை நான்கு தனித்தனிக் கோளாறுகள், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. நான்கையும் சேர்த்து "பெயின்ட் மோசம்" என்று முடிவு கட்டினால், அடுத்த முறை இதைவிட விலை கூடிய டின்னை வாங்கி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

முதலில் எபாக்ஸி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரும்பு துருப்பிடிப்பது ஒரு சின்ன மின்கலம் ஓடுவது மாதிரிதான். ஒரே தகட்டில் ஒரு புள்ளி எலக்ட்ரானை விட்டுக் கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜனும் தண்ணீரும் அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் இரும்பு வழியாகப் போகும், அயனிகள் ஈரத்தின் வழியாகப் போகும். இந்தச் சுற்றில் எங்காவது ஓர் இடத்தை அறுத்தால் துரு நிற்கும். பூச்சு என்றாலே தண்ணீரை அண்டவிடாத மழைக்கோட்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. சாதாரணப் பூச்சுப் படலம் வழியாகப் போகும் நீரும் ஆக்சிஜனும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் போதுமானவை என்பதை 1950களிலேயே மேய்ன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். நல்ல படலம் தடுப்பது அயனிகள் ஓடுவதை, அதாவது அந்தச் சுற்றின் மின்தடையை ஏற்றிவிடுகிறது. இன்னொரு வேலை, இரும்பை விடாமல் பற்றிக்கொள்வது. படலத்துக்கும் இரும்புக்கும் நடுவே தண்ணீர் தேங்க இடமே இல்லையென்றால் கலம் ஓடாது.

இந்த இரண்டிலும் எபாக்ஸி கெட்டி. மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன, அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் இரும்பின் மேற்பரப்பை நன்றாகப் பிடிக்கின்றன. மூன்றாவது ஒன்றும் உண்டு, இதை அதிகம் யாரும் சொல்வதில்லை. துரு வேலை நடக்கும்போது ஆக்சிஜன் செலவாகும் இடத்தில் காரம் உண்டாகும். எண்ணெய் சார்ந்த எனாமல் வகைகள் அந்தக் காரத்தில் சோப்பாகிக் கழன்றுவிடும். எபாக்ஸியின் சங்கிலியில் அப்படி உடையும் எஸ்டர் இணைப்பு இல்லை. அதனால்தான் தொழிற்சாலை, கப்பல், பாலம் என்று எல்லா இடத்திலும் பிரைமராகவும் நடுக்கோட்டாகவும் அதுவே நிற்கிறது.

ஆனால் பற்றிக்கொள்வதற்கு அடியில் சுத்தமான இரும்பு வேண்டும். உங்கள் உரிதல் அங்கேதான் இருக்கிறது.

உரிந்த சில்லு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு சாதாரண லென்ஸ் போதும். பின்பக்கம் பழுப்பாகத் துருத் தூள் ஒட்டியிருந்தால், துருவின் மேல்தான் அடித்திருக்கிறார்கள். கருநீலமாகப் பளபளக்கும் கெட்டிச் செதில் ஒட்டி வந்திருந்தால், அது உருக்காலையில் இரும்பை உருட்டும்போதே உண்டாகும் மில் ஸ்கேல். பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் விரிசல் விடும். விரிசல் வழியே ஈரம் இறங்கினால் மில் ஸ்கேல் தன்னைக் காத்துக்கொண்டு அடியிலிருக்கும் இரும்பைப் பலி கொடுக்கும். பின்பக்கம் வழவழவென்று சுத்தமாக, பிரைமர் நிறத்திலேயே இருந்தால், இரும்பைப் பார்க்கப் போனால் அது வெறுமையாக, மொழுமொழுவென்று இருக்கும். அங்கே சொரசொரப்பே ஏற்படுத்தவில்லை. ஃபினிஷ் மட்டும் உரிந்து பிரைமர் இரும்பிலேயே இருந்தால் பிரச்சினை இரண்டு கோட்டுக்கு நடுவில், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேற்பரப்புத் தயாரிப்புக்குக் கம்பித் தூரிகை போதாது. மின்சாரத் தூரிகை இன்னும் ஏமாற்றும், துருவை மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிடும், பார்த்தால் இரும்பு மாதிரியே தெரியும். எபாக்ஸி அமைப்புக்குக் கேட்கப்படுவது பிளாஸ்டிங், அதாவது அழுத்தக் காற்றில் கிரிட் என்ற கெட்டித் துகள்களைப் பீச்சி இரும்பைச் சுத்தம் செய்வது, அதிலும் ஐஎஸ்ஓ 8501-1 சொல்லும் எஸ்ஏ 2½ தரம். அதாவது மில் ஸ்கேல், துரு, பழைய பெயின்ட் எல்லாம் போய், மிஞ்சுவது புள்ளியாகவோ கீற்றாகவோ லேசான நிழல் மட்டும். கூர்மையான கிரிட் கொண்டு அடித்தால் 50 முதல் 75 மைக்ரான் வரை மேடுபள்ளம் உண்டாகும், எபாக்ஸி கால் ஊன்றுவது அதில்தான். வரிசையும் முக்கியம். எண்ணெய், கிரீஸ் இருந்தால் முதலில் அதைக் கழுவ வேண்டும். கழுவாமல் பிளாஸ்ட் அடித்தால் எண்ணெய் போகாது, கிரிட்டில் ஏறி மற்ற இடத்துக்கெல்லாம் பரவும். கம்ப்ரஸர் காற்றிலேயே எண்ணெய் வரலாம். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடித்து முடித்த இரும்பு உயிருள்ள இரும்பு, ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே துருவேறிப் பழுப்பாகிவிடும். காலையில் பிளாஸ்ட் அடித்ததை அடுத்த நாள் காலை பெயின்ட் அடிக்கக் கூடாது.

இனி தொட்டிக்குள் கொப்புளம். இங்கே சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கண்ணுக்குத் தெரியாத உப்பு. பள்ளம் விழுந்த பழைய இரும்பில் குளோரைடும் சல்பேட்டும் குழிகளின் அடியில் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்ட் அடித்த பிறகும் இருக்கும், இரும்பு வெள்ளி மாதிரி மின்னினாலும் இருக்கும். மேலே எபாக்ஸி அடித்துத் தண்ணீர் நிரப்பினால் படலம் ஒரு சவ்வாக வேலை செய்கிறது. வெளியே நல்ல தண்ணீர், உள்ளே உப்பு. சவ்வூடு பரவலில் தண்ணீர் உப்பைத் தேடி உள்ளே போகும், உள்ளே அழுத்தம் ஏறும், படலம் மேலே எழும்பும். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வேகமாகக் கொப்புளம் வரும். கடல்நீர்த் தொட்டியைவிடக் கனிமம் நீக்கிய நீர்த் தொட்டியில் கொப்புளம் மோசமாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவது இதனால்தான்.

தொட்டி காலியாக இருக்கும்போது கைக்குக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்துங்கள். தின்னர் வாடை அடித்தால், கோட் தடித்துப்போய் அல்லது அவசரப்பட்டு நிரப்பியதால் கரைப்பான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. வாடையில்லாத நீர் வந்தால் அதைச் சிரிஞ்சில் உறிஞ்சி மின்கடத்துத்திறன் மானியில் விடுங்கள். தொட்டித் தண்ணீரைவிடப் பல மடங்கு காட்டினால் உப்புதான். புதிதாக அடிக்கும் முன் இதையே பிரெஸ்ல் பேட்ச் கொண்டு அளக்கலாம். சின்ன ஒட்டுப்பட்டை ஒன்றை இரும்பின் மேல் ஒட்டி, அதற்குள் காய்ச்சி வடித்த நீரைச் சிரிஞ்சால் ஏற்றி, உறிஞ்சி, மறுபடி ஏற்றி, கடைசியில் கடத்துத்திறனைப் பார்ப்பார்கள். கப்பல்களின் பாலாஸ்ட் தொட்டிகளுக்கு (சமநிலைக்காகத் தண்ணீர் ஏற்றுபவை) சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006இல் கொண்டுவந்த விதி, சோடியம் குளோரைடு கணக்கில் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. உங்கள் தொட்டிக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக இருந்தால் உயர் அழுத்த நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மறுபடி பிளாஸ்ட் அடித்து, மறுபடி அளக்க வேண்டும். இதைச் சொன்னால் கான்ட்ராக்டர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

விளிம்புத் துருவுக்கு வருவோம். திரவமாக இருக்கும் எந்தப் பெயின்ட்டும் பரப்பு இழுவிசையால் கூர்மையான முனையிலிருந்து பின்வாங்கும். தட்டையான இடத்தில் 200 மைக்ரான் காட்டும் மானி, ஆங்கிள் இரும்பின் முனையில் அதில் பாதிகூடக் காட்டாது. வெல்டிங்கில் தெறித்த துகள், சின்ன ஓட்டை, போல்ட்டின் மரை, எல்லாமே இப்படித்தான். இதற்கு மருந்து இரண்டு. கூர் முனையைக் கிரைண்டரால் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிடுவது, வெல்டிங் தெறிப்பைத் தேய்த்து எடுப்பது. அப்புறம் ஒவ்வொரு முழுக் கோட்டுக்கும் முன் விளிம்பு, வெல்டிங், போல்ட், மூலை எல்லாவற்றுக்கும் தூரிகையால் ஒரு தனிப் பட்டைக்கோட். ஸ்பிரேயில் அடித்தாலும் இதைத் தூரிகையால்தான் செய்ய வேண்டும், பள்ளத்துக்குள் அழுத்தித் தேய்க்க வேறு வழியில்லை. முன்னே சொன்ன கப்பல் விதியில் இரண்டு பட்டைக்கோட் கட்டாயம். கட்டடச் சட்டங்களில் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை, இரண்டு வருடத்தில் துரு சரியாக அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரும்.

மாவு உதிர்வது நான்கிலும் சாது. எபாக்ஸியின் வழக்கமான பிசினில் இருக்கும் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதையும். மேலே ஒரு மெல்லிய அடுக்கு தூளாகும், அடியில் உள்ளது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அழகு கெடும், துரு உடனே வராது. ஆனால் தொடர்ந்து விட்டால் வருடத்துக்கு வருடம் கனம் குறையும். வெயில் படும் இடத்தில் எபாக்ஸியைக் கடைசிக் கோட்டாக விடவே கூடாது, மேலே வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேனோ பாலிசிலாக்ஸேனோ வேண்டும். பாலியூரித்தேனின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஸ்பிரே அடிப்பவருக்கு வெறும் துணி முகமூடி போதாது. எபாக்ஸியும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரவைக்கும், ஒருமுறை வந்தால் அப்புறம் அந்த வேலையே செய்ய முடியாமல் போகும். கையுறைக்குச் சோம்பல் பட வேண்டாம்.

இரண்டு கோட்டுக்கு நடுவே உரிவது பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. எபாக்ஸி காய்வது எனாமல் மாதிரி இல்லை. பேஸும் ஹார்ட்னரும் வேதிவினை செய்து ஒரே பொருளாக மாறுகின்றன. ஹார்ட்னர் பெரும்பாலும் அமீன் வகை. குளிரும் ஈரமும் உள்ள காற்றில் அந்த அமீன் கார்பன் டை ஆக்சைடோடும் நீராவியோடும் சேர்ந்து மேலே எண்ணெய் பூசினதுபோல ஒரு பிசுபிசுப்பை விடும், அமீன் பிளஷ் என்பார்கள். அதன் மேல் அடுத்த கோட் நிற்காது. தின்னரால் துடைத்தால் பரவும், வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போகும். இன்னொரு காரணம் காலதாமதம். ஒவ்வொரு எபாக்ஸிக்கும் அடுத்த கோட் அடிக்க ஓர் உச்சக் கெடு உண்டு, பெயின்ட் கம்பெனியின் தகவல் தாளில் வெப்பநிலை வாரியாகப் போட்டிருப்பார்கள். கெடு தாண்டிவிட்டால் முழுக்க இறுகிய பரப்பில் புதுக் கோட் வேதியாக இணையாது, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கித்தான் அடிக்க வேண்டும்.

வானிலையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரும்பின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கணக்கு: காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி கிட்டத்தட்ட 26 டிகிரி. இரவெல்லாம் குளிர்ந்த தடித்த தூண் காலையில் 27 டிகிரியில் நிற்கும். தொட்டால் உலர்ந்திருக்கிறது என்றே தோன்றும், வானமும் தெளிவாக இருக்கும், ஆனாலும் பெயின்ட் அடிக்க அது நேரமில்லை.

கலப்பதில் நடக்கும் தவறுகளுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். டின்னைப் பாதி பாதியாகப் பிரித்துக் கண்ணளவில் கலப்பது, சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுவது, அடியில் படிந்த நிறமியைக் கிளறாமல் மேலாப்பில் ஊற்றுவது. ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் வினைபுரியாமல் மிஞ்சுவது படலத்துக்குள்ளேயே கிடந்து அதை மென்மையாக்கும். முழு டின்னுக்கு முழு ஹார்ட்னர், இயந்திரக் கலக்கி. கலந்தபின் வேலை செய்யக்கூடிய நேரம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும். கெட்டிப்பட ஆரம்பித்ததைத் தின்னர் ஊற்றி இளக்கி அடித்தால், அடிப்பது செத்த பெயின்ட்.

ஹார்ட்னர் வகையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "எபாக்ஸி" என்று டின்னில் எழுதியிருப்பது பாதிக் கதைதான். பாலிஅமைடு ஹார்ட்னர் வளையும், ஈரத்தைத் தாங்கும், பொது வேலைக்கு நல்லது. அமீன் அடக்ட் வேதிப்பொருட்களை நன்றாகத் தாங்கும். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயில் செய்த ஃபீனால்கமீன் குளிரிலும் காயும், பரப்பு தயாரிப்பில் சிறு குறைகளையும் பொறுத்துக்கொள்ளும். அமிலம், சூடான திரவம் என்றால் நோவலாக் பிசின். உலர்ந்த சூட்டில் வழக்கமான எபாக்ஸி 120 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், சூடான தண்ணீருக்குள் அதைவிட வெகு குறைவு. குழாய்களில் நீராவிக் குழாய் இருந்தால் அதற்கு வேறு பூச்சு வேண்டும்.

சரி, எத்தனை மைக்ரான்? அது சூழலைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ 12944 சூழலைச் சி1 முதல் சி5 வரையும் அதற்கு மேல் சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. பிரிக்கும் அளவுகோல் எளிது: பூச்சில்லாத இரும்பு முதல் வருடத்தில் எவ்வளவு கரைகிறது என்பதே. சி3இல் 25 முதல் 50 மைக்ரான், சி4இல் 50 முதல் 80, சி5இல் 80 முதல் 200. உங்கள் ஆலை கடலோரத்தில் அல்லது வேதிப்புகைக்கு நடுவில் என்றால் சி5 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 15 முதல் 25 வருடம் எதிர்பார்த்தால், ஜிங்க் (துத்தநாக) பிரைமர், எபாக்ஸி நடுக்கோட், பாலியூரித்தேன் என்று மூன்று கோட்டும் சேர்ந்து காய்ந்த கனம் 260 மைக்ரான். ஜிங்க் பிரைமர் என்று பேர் வைத்துக்கொள்ளக் காய்ந்த படலத்தின் எடையில் குறைந்தது 80 சதவீதம் ஜிங்க் இருக்க வேண்டும் என்கிறது அதே தரநிலை. துகளுக்குத் துகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கீறல் விழுந்த இடத்தில் ஜிங்க் தான் கரைந்து இரும்பைக் காக்கும். சாம்பல் நிறமாக இருப்பதெல்லாம் ஜிங்க் பிரைமர் ஆகாது. அந்த 15 முதல் 25 என்பது உத்தரவாதக் காலமும் இல்லை, எப்போது பெரிய பராமரிப்பு வரும் என்று திட்டமிட ஒரு மதிப்பீடு.

மைக்ரான் எப்போதும் காய்ந்த கனம். கன அளவில் 80 சதவீதம் திடப்பொருள் உள்ள எபாக்ஸியில் 125 மைக்ரான் காய்ந்த படலம் வேண்டுமென்றால் ஈரமாக 156 மைக்ரான் அடிக்க வேண்டும், தின்னர் சேர்த்தால் இன்னும் கூட. அடிக்கும்போதே ஈரக் கனச் சீப்பைக் குத்திப் பார்த்தால் உடனே திருத்தலாம், காய்ந்தபின் காந்த மானி காட்டுவது தீர்ப்பு மட்டும்தான். "கூட அடித்தால் கூட நல்லது" என்ற நம்பிக்கையும் வேண்டாம். குறித்த கனத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனால் கரைப்பான் சிக்கும், உள்ளழுத்தத்தில் விரிசல் விடும். தொட்டிக்குள் இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், படலத்தில் நுண்ணிய ஓட்டை இருக்கிறதா என்று மின்சாரத்தால் பார்க்கும் ஊசித்துளை சோதனை. 500 மைக்ரானுக்குள் என்றால் ஈரப் பஞ்சு, அதற்கு மேல் உயர் மின்னழுத்தப் பொறி. நிரப்பும் முன் முழுதாக இறுக 25 டிகிரியில் வழக்கமாக 7 நாள் கேட்பார்கள். குடிநீர் என்றால் குடிநீருக்கு அங்கீகாரம் பெற்ற பூச்சு மட்டுமே.

கடைசிக் கேள்வி, பழையதன் மேலேயே அடிக்கலாமா. இடத்துக்கு இடம் பதில் மாறும். நன்றாக இருப்பதாகத் தோன்றும் இடத்தில் கூரிய கத்தியால் இரும்பு தெரியும்வரை பெருக்கல் குறி போட்டு, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுங்கள். கீறலைச் சுற்றி உரியாவிட்டால் அந்தப் பூச்சை வைத்துக்கொள்ளலாம்: கழுவி, மாவைத் தேய்த்தெடுத்து, சொரசொரப்பாக்கி, மேலே பாலியூரித்தேன். வெயில் பக்கத்துத் தூண்களுக்கு அநேகமாக இதுவே போதும். விளிம்பிலும் வெல்டிங்கிலும் துரு வந்த இடத்தை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, சுற்றியுள்ள நல்ல பூச்சின் ஓரத்தைப் படிப்படியாகச் சரித்து, பட்டைக்கோட்டோடு எபாக்ஸி மாஸ்டிக் போடுங்கள். பிளாஸ்ட் அடிக்க முடியாத இடத்துக்கென்றே அந்த வகை இருக்கிறது, ஆனால் அதுவும் உதிர்கிற துருவின் மேல் நிற்காது. தகடு தகடாக உரியும் பகுதியில் எதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதுப் பூச்சின் இழுவிசை பழையதையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். அங்கே முழு பிளாஸ்டிங்தான். அந்தப் பழைய அடுக்குகளுக்கு அடியில் இன்னும் பழைய பெயின்ட் இருந்தால், பிளாஸ்ட் அடிக்கும் முன் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள், ஈயத் தூள் காற்றில் கலந்தால் அது வேறு ஆபத்து. தொட்டிக்குள் ஒட்டுப்போடும் யோசனையே வேண்டாம். உப்பு ஒரு கொப்புளத்தின் கீழ் மட்டும் இருக்காது, முழுதாக எடுத்து, கழுவி, பிளாஸ்ட் அடித்து, பிரெஸ்ல் அளவு வந்தபிறகு முதல் டின்னைத் திறங்கள்.